காசநோய் மாத்திரையும் வீட்டுச் சாப்பாடும்

(மறைமலை நகரில் உழவர்கள், பால் உற்பத்தியாளர்கள், மகளிர் குழுவினர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மறைமலை நகர் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் தாம்பரத்தை அடுத்து ஒரு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். அது ஊரின் பெயரன்று. காசநோயாளிகளைத் தங்க வைத்து மருத்துவம் செய்த நிலையத்தின் பெயர். டாக்டர் சவுரி முத்து 1928-ல் அதைத் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்று நடத்தி, இன்று அது பெரிய நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

அந்நிலையம் தொடங்கிய நாளில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லை. திறந்த வெளிக் காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி ஆகியவைதாம் மருத்துவம். நம் பெரியோர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே காசம் என்றதும் 'நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இன்று ஆறு மாத மாத்திரை உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். ஆயினும் மாத்திரையை எப்போது விழுங்குவது, எதனோடு விழுங்குவது, சர்க்கரை நோய் உள்ளவர் என்ன செய்வது, மாலையில் மது அருந்தும் பழக்கம் உள்ளவர் என்ன செய்வது என்பவை பல வீடுகளில் தெரியவில்லை. தெரியாததால் சிலர் பாதியில் நிறுத்துகிறார்கள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். மாத்திரையை விட்டு விட்டு உண்பவர்களிடம் அது மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறிவிடக்கூடும். அதற்கான மருத்துவம் மிகக் கடினம்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

இம்மருந்துகளுள் சில நம் தொழிலோடு உறவுடையவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கு முதலில் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் கண்டுபிடிக்கப்பட்டது. மண் நுண்ணுயிர் ஆய்வாளர் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், எரு இட்ட வயல் மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் எடுத்த நுண்ணுயிரில் அம்மருந்தைக் கண்டார். இன்று நாம் தரும் மருந்துகளுள் தலையாயதான ரிஃபாம்பிசினும் பிரான்சின் தென்பகுதி மண்ணிலிருந்து 1957-ல் பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்ததே. ஒரு நுண்ணுயிர் தன் எதிரியைக் கொல்ல உண்டாக்கும் பொருளை நாம் மருந்தாக்கிக்கொண்டோம். இவற்றைத்தான் நுண்ணுயிர்க்கொல்லி என்றும் ஆன்டிபயாடிக் என்றும் சொல்கிறோம். இவற்றோடு சேர்த்துத் தரும் ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகியவை வேதியியல் முறையில் செய்யப்பட்டவை.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைத் தெளித்தவர்கள் இங்கும் இருப்பீர்கள். மனிதருக்கு வேண்டிய மருந்தை வயலில் தெளிப்பது ஏற்றதன்று என்று 2021-ல் நடுவண் அரசு அதைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. என் கருத்தும் அதுவே. இலைக்கருகலுக்கு எதிர்ப்புத் திறன் உள்ள இரகமும் தழைச்சத்தை அளவாகப் பிரித்திடுவதும் உங்கள் கையில் உள்ளன. காசநோயாளிக்கு அப்படி மாற்று வழிகள் அதிகம் இல்லை.

சென்னை கண்ட உண்மை

1956-ல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அது எடுத்துக்கொண்ட முதல் கேள்வி மிக எளியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, அவர் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கினர். படுக்கை ஓய்வு, சத்துள்ள உணவு, காற்றோட்டம் எல்லாம் கிடைத்தன. மற்றப் பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, பெரும்பாலும் சோற்றையே உண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை அதிகம் கூடியது உண்மை. ஆனால் கிருமியை ஒழிப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. 1959-ல் முடிவு வெளிவந்ததும் பல நாடுகளில் காசநோய் மருத்துவமே மாறியது. நோயாளியை ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரித்து வைக்க வேண்டியதில்லை என்றாயிற்று. நம் ஊரிலிருந்து உலகத்துக்குப் போன பெரிய செய்தி இது.

இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு 'மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை' என்று சொல்லி வந்தார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை, முட்டையும் பாலும் அதைச் செய்யா என்பதே அது காட்டியது. உடலைத் தாங்குவது யார் வேலை என்பது வேறு கேள்வி. அதற்கான விடைக்குப் பிறகு வருகிறேன்.

எப்போது, எதனோடு?

ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டும் வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும். சோறோ இட்லியோ வயிற்றில் இருந்தால் இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடும். ஆகவே விடியற்காலையில் எழுந்ததும், பால் கறக்கப் போகும் முன், ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரைகளை ஒருசேர விழுங்கிவிடுவது நல்லது. ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சியோ பழைய சோறோ டீயோ எடுத்துக்கொள்ளலாம். காலையில் முடியாதவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பின் விழுங்கலாம். தினமும் ஒரே வேளையில் என்பதுதான் முக்கியம்.

சிலருக்குக் குமட்டும், வயிறு எரியும். முதல் இரண்டு மாதங்களில் நான்கு மருந்துகள் சேர்வதால் இது மிகுதி. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'உடம்புக்குச் சூடு, ஒத்துக்கொள்ளவில்லை' என்று இரண்டு நாள் விடுவார்கள். பிறகு நான்கு நாள் ஆகும். குமட்டல் தாங்கவில்லையென்றால் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ உண்டு உடனே மாத்திரையைப் போடுங்கள். மருந்து சற்றுக் குறைவாகச் சேர்ந்தாலும், சேராமலே போவதைவிட மேல். மருத்துவரிடம் சொன்னால் குமட்டலுக்கு மாத்திரை தருவார்.

ஆனால் வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் வெள்ளைத் திரவத்தைக் காசநோய் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள அலுமினியம் முதலிய உப்புகள் ஐசோனியாசிட், எத்தாம்பியூட்டால் இரண்டும் உடலில் சேர்வதைக் குறைக்கும். வேண்டுமானால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பாலைப் பற்றிப் பால் உற்பத்தியாளர்களுக்குத் தனியே ஒரு சொல். மேற்சொன்ன மருந்துகளுக்குப் பால் மற்ற உணவைப் போன்றதே. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் மருந்துக்கு அடங்காத காசத்துக்குத் தரும் லெவோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் வேறு வகை. பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. அயச் செந்தூரம் சேர்ந்த மருந்தும் அப்படியே. இரண்டு மணி நேர இடைவெளி கட்டாயம் வேண்டும். இதே எச்சரிக்கை எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் தரும் டாக்சிசைக்ளினுக்கும் பொருந்தும். அதை இரும்பு மாத்திரையோடும் பாலோடும் போடாமல் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, உடனே படுக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். அம்மருந்து சாப்பிடும் நாட்களில் வெயிலில் நாற்று நடப் போனால் தோல் எளிதில் எரிந்து சிவக்கும். தலையில் முண்டாசும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

சிறுநீர் நிறமும் கண் நிறமும்

மாத்திரை தொடங்கிய முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். வெள்ளை வேட்டியில் கறை படியலாம். இரத்தம் போகிறது என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. இது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் ஒன்றுமில்லை.

இதனோடு மஞ்சள் காமாலையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைக் கொஞ்சம் வருத்தும் மருந்துகள். பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். சிலருக்குத் தாங்காது. பசி அறவே போய், வாந்தி நிற்காமல், வலப்பக்க விலாவின் கீழ் வலித்து, கண்ணின் வெண்மை மஞ்சளானால் அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வது பெரும் ஆபத்து. கீழாநெல்லியின் மேல் எனக்குப் பகை இல்லை. காரணம் மாத்திரையில் இருக்கும்போது அதை நிறுத்தாமல் எந்த மூலிகையைக் குடித்தும் பயனில்லை. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, கல்லீரல் தேறியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். அதுவரை காத்திருக்க வேண்டும். தானாகத் தொடங்கக் கூடாது.

மதுவைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவும் அதே கல்லீரலைத்தான் அடிக்கிறது. ஒரே மாட்டின் கழுத்தில் இரண்டு வண்டியின் நுகத்தைப் பூட்டினால் என்ன ஆகும்? குடிப்பவருக்குக் காமாலை வரும் வாய்ப்பு அதிகம். அதைவிடவும் பெரிய கேடு வேறொன்று. குடித்த இரவுக்கு மறுநாள் காலை மாத்திரை நினைவுக்கு வருவதில்லை; அல்லது 'நேற்றுக் குடித்தோம், இன்று மாத்திரை போட்டால் ஆகாது' என்று தாமே ஒரு விதி வகுத்துக்கொள்கிறார்கள். அப்படி விதி ஒன்றும் இல்லை. ஆறு மாதமும் விட்டுவிடுவதே சரி. விட முடியாதவர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் அடிக்கடி கல்லீரல் சோதனை செய்து மருந்து தருவார். பழக்கத்தை விடுவதற்கும் மருத்துவம் உண்டு. குடித்த மறுநாளும் மாத்திரையை விடக்கூடாது. வீட்டுத் தாய்மார்கள் கணவரை மருத்துவரிடம் காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

பீடி, சிகரெட்டும் அப்படியே. சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலும் இறந்த ஆண்கள் 43,000 பேரைப் பற்றி எடுத்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. மாத்திரை கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும்போதே புகை நுரையீரலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தால் ஆறுவது எங்கே?

கை கால் எரிச்சலும் மீன் குழம்பும்

ஐசோனியாசிட் உடலிலுள்ள பி-6 உயிர்ச்சத்தைக் குறைக்கும். அதனால் உள்ளங்காலும் உள்ளங்கையும் எரியும், ஊசி குத்துவது போலிருக்கும், சிலருக்கு மரத்துப்போகும். சென்னை மையத்தில் 1960-களில் இதையும் ஆராய்ந்து, சிறிய அளவில் பி-6 கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள். உடல் மெலிந்தவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, குடிப்பழக்கம் உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோருக்கு இது எளிதில் வரும். பி-6 மாத்திரையைச் சிறிய மாத்திரைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். எரிச்சலுக்கு எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதற்குள் மாதம் ஓடிவிடும். காலையில் எழுந்ததும் சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மீனைப் பற்றி ஒரு விந்தையான செய்தி உண்டு. இலங்கையில் மார்பு நோய் மருத்துவர் ஊரகொட, ஐசோனியாசிட் சாப்பிடும் நோயாளிகளிற் சிலர் சூரை வகை மீனை உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து வருவதைக் கண்டு 1977-ல் எழுதினார். சூரை, அயிலை போன்ற மீன்கள் பிடித்தபின் பனிக்கட்டியில் வைக்காமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் மிகும். நம் உடல் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்தச் சிதைவைத் தடுத்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை. ஆகவே காசநோயாளி மீனே உண்ணக் கூடாது என்பதில்லை. ஏரிக் கெண்டை, கெளுத்தி முதலிய புதிய மீன் நல்ல புரத உணவு. செதில் மங்கி, செவுள் வெளுத்த சூரையை மட்டும் அந்த ஆறு மாதமும் வாங்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்க்கு

தமிழ்நாட்டில் 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில் காசநோயாளிகள் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னொருவர் அதன் விளிம்பில் நின்றார். ஆகவே இது சிலருக்கான செய்தியன்று. காசம் என்று கண்டவுடன் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். கல்லீரல் முடுக்கப்பட்டால் அது வேறு பல மருந்துகளையும் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் இதற்கு ஆட்படுகின்றன. நேற்று வரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை, அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தும் ஏறும். காய்ச்சலும் நோயும் தம் பங்குக்கு ஏற்றும். நோயாளியோ 'காசத்துக்குத் தெம்பு வேண்டும்' என்று பனங்கற்கண்டுப் பாலும் வாழைப்பழமும் சேர்த்துக்கொள்வார். சர்க்கரை ஏறினால் காசம் ஆறுவது தாமதமாகும். ஆகவே முதல் இரண்டு மாதங்களில் அடிக்கடி சர்க்கரை பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார். சிலருக்கு இன்சுலின் ஊசி போடுவார். ஊசி என்றதும் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். உணவில் சோற்றைக் குறைத்துப் பயறு, கடலை, முட்டை, கீரையைக் கூட்டுவது இருவகை நோய்க்கும் ஏற்றது.

வேறு மாத்திரைகளிலும் இந்த முடுக்கம் வேலை செய்யும். இரத்த அழுத்தத்துக்குப் போடும் சில மாத்திரைகள் வலுக்குறையும். இருதய வால்வு மாற்றியவர்கள் போடும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையின் வலிமையும் குறையும். அதற்குரிய இரத்தச் சோதனையை வழக்கத்தைவிட அடிக்கடி செய்ய வேண்டும். வலிப்பு நோய்க்கான மாத்திரையின் அளவு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவோருக்கு மருந்தையே மாற்றித் தர வேண்டியிருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ரிஃபாம்பிசினோடு அம்மாத்திரையை நம்ப முடியாது. காசநோய் மருந்து முடிந்து ஒரு மாதம் வரை வேறு தடுப்பு முறையைச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கூட்டத்தில் கேட்கக் கூசுவீர்கள் என்பதால்தான் நானே சொல்கிறேன்.

பைரசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும். முன்பே மூட்டு வீக்க நோய் உள்ளவர்க்குக் கால் பெருவிரலும் முழங்காலும் வலிக்கலாம். எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண்ணைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் மிளகாய்ப் பழத்தையும் காயையும் தடுமாறிப் பறித்தால் உடனே சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்க்கு இம்மருந்தின் அளவையே மாற்ற வேண்டும்.

இத்தனையையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் அன்றாடம் யார் என்ன மாத்திரை போடுகிறார்களோ அத்தனை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலமானாலும் லேகியச் சீசாவானாலும், ஒரு துணிப்பையில் போட்டு முதல் நாளே மருத்துவர் மேசையில் கொட்டிவிடுங்கள். மறைப்பதுதான் தீங்கு.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

முன்பு விட்ட கேள்விக்கு வருகிறேன். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மாத்திரை சாப்பிடும் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் தூள், எண்ணெய் அடங்கிய பத்து கிலோ பொருள்கள் தந்தார்கள். அவர்களிற் பாதிக் குடும்பங்களில், உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக் குடும்பங்களுக்குக் கொடுக்கவில்லை. 2023-ல் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பத்தினரில் புதிதாகக் காசம் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களிடையே இறப்பு பெரிதும் குறைவாக இருந்தது.

சென்னை ஆய்வும் ஜார்க்கண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரணல்ல. கிருமியை மருந்து கொல்லும். மெலிந்த உடலைச் சோறும் பருப்பும் பிழைக்க வைக்கும். அருகில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நோய் தொற்றாமல் காப்பதிலும் அந்தப் பருப்புக்குப் பங்கு உண்டு. ஆகவே நோயாளிக்கு மட்டும் முட்டையும், பிள்ளைகளுக்கு வெறுங்கஞ்சியும் என்று பிரிப்பது சரியன்று. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்காக 2018 முதல் நடுவண் அரசு வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணத்தில் சத்துப் பான டப்பா வாங்குவதை நான் ஒப்புவதில்லை. டப்பாவின் விலைக்கு எத்தனை கிலோ உளுந்து, வேர்க்கடலை, பாசிப்பயறு வரும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் நீங்கள். வேர்க்கடலையை நீங்களே விளைவிக்கிறீர்கள்; விற்றுவிட்டு டப்பா வாங்குவானேன்? காய்ச்சிய பால், முட்டை, முருங்கைக் கீரை, கேழ்வரகு, மீன் ஆகியவை போதும். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். மாட்டுக்கு வரும் காசக் கிருமி பச்சைப் பாலில் வரக்கூடும்.

எடையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாத்திரையின் எண்ணிக்கையே உடல் எடையைப் பொறுத்தது. மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை கூடினால் மாத்திரை எண்ணிக்கையை மாற்றுவார்கள். எடை கூடாமல் இறங்கினால் அது பெரும் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்ட உடனே எடையையும் மூச்சுத் திணறலையும் பார்க்கிறார்கள். துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 'வீட்டு மருத்துவமே போதும் என்றார்களே' என்று அப்போது மறுக்காதீர்கள். சென்னை ஆய்வில் வீட்டிலிருந்தவர்களை ஆய்வாளர்கள் விடாமல் போய்ப் பார்த்து வந்தார்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

'இருமலுக்கு மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டால் குறைகிறதே, அது காசமாக இருக்குமா?' என்று ஒருவர் கேட்டார். இருக்கலாம். சில கடை மாத்திரைகள் காசக் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். அடங்கியது போலக் காட்டி, சோதனையில் பிடிபடாமல் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் கடைக்குப் போகாமல் சளிச் சோதனைக்குப் போக வேண்டும்.

'நோன்பு இருக்கலாமா?' என்றார் ஒரு தாயார். மாத்திரை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். ஆகவே விடியுமுன் உண்ணும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்போ, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்தோ போட்டுக்கொள்ளலாம். ஆனால் உடல் மெலிந்தவரும் சர்க்கரை நோயாளியும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பிருக்கக் கூடாது.

'அறுவடைக்கு வெளியூர் போனால்?' என்பது ஒரு இளைஞரின் கேள்வி. போகும் முன் சொல்லிவிட்டால் அந்தந்த ஊர் அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். பதிவு எண் எழுதிய அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பெரியவர், 'ஆறு மாதம் முடிந்தால் சர்க்கரைக்கு ஏற்றிய ஊசி என்ன ஆகும்?' என்றார். மிக நல்ல கேள்வி. ரிஃபாம்பிசின் நின்ற இரண்டு வாரத்தில் கல்லீரலின் முடுக்கம் தணிந்துவிடும். ஏற்றி வைத்த மாத்திரையும் ஊசியும் அப்போது அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, வயலில் மயங்கி விழக்கூடும். ஆகவே கடைசி மாத்திரை வாங்கும் நாளிலேயே சர்க்கரைக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் இடுப்பு மடிப்பில் ஒரு வெல்லக் கட்டி இருக்கட்டும்.